அக்கி ஒளித்திருந்த இடம்

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்திலே சைரன்செஸ்டர் என்றொரு பழைய சந்தை நகரம் உண்டு. உரோமர் காலத்தில் பிரித்தானியாவின் பெரிய நகரங்களுள் ஒன்றாக இருந்து, பின்னர் ஆட்டு உரோம வணிகத்தால் செழித்து, அதன் பிறகு வரலாற்றின் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்ட ஊர் அது. 1947 முதல் 1962 வரையான 16 ஆண்டுகள், அவ்வூரின் குடும்ப வைத்தியர் ஒருவர் தம்மிடம் வந்த அக்கி நோயாளர் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பெழுதி வைத்தார். நோயாளரின் வயது என்ன, எந்த மாதத்தில் வந்தது, உடலில் எவ்விடத்தில் கொப்புளம் எழுந்தது என்பன போன்ற சாதாரண விபரங்கள்தான். 16 ஆண்டுகளில் மொத்தம் 192 பேர். மனித உடலுக்குள் ஒரு வைரஸ் ஐம்பது, அறுபது ஆண்டுகள் அழியாமல் ஒளிந்திருக்க முடியும் என்பதைப் பெரிய ஆய்வுகூடங்கள் நிரூபிப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அந்தக் குறிப்பேடு சொல்லிவிட்டது.

வைத்தியரின் பெயர் ரொபர்ட் எட்கார் ஹோப்-சிம்ப்சன். 1908இல் பிறந்தவர். பேராசிரியர் அல்லர். செய்தித் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளைக் காட்டிலும் இப்படித் தனியொருவர் ஒரு மூலையிலிருந்து செய்த வேலைகளின் மீது எனக்கு ஈடுபாடு அதிகம். அந்தப் பக்கச்சார்பை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அக்கியை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். தமிழகத்துக் கிராமங்களில் குயவரிடம் சென்று அக்கி எழுதும் வழக்கம் உண்டு. செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மீது பூசிச் சிங்க உருவம் வரைவார்கள். கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயர் ஸொஸ்டர். அரையிலே கட்டும் பட்டிகை என்பது அதன் பொருள். ஷிங்கிள்ஸ் என்ற ஆங்கிலப் பெயரும் கச்சையைக் குறிக்கும் சிங்குலம் என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் இந்தப் பட்டிகை அரையை முழுதாகச் சுற்றுவதில்லை. முதுகந்தண்டில் தொடங்கி, விலாவைச் சுற்றி வந்து, மார்பின் நடுக்கோட்டில் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம் வராது. இந்த ஒருபக்கத் தன்மைதான் முதலாவது தடயம்.

கொப்புளிப்பானின் கதை வேறு. தமிழகத்தில் சின்னம்மை என்பார்கள்; எங்கள் பக்கத்தில் அம்மாள் வருத்தம் என்றால் போதும், வாசலில் வேப்பிலை தொங்கிவிடும். அது உடல் முழுவதும் வரும், பெரும்பாலும் இளவயதில் வரும், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும். அக்கியோ முதியவரைத் தனியே தேடி வரும். அக்கிக்குக் குயவர், கொப்புளிப்பானுக்கு மாரியம்மன் என்று நம் முன்னோர் பிரித்து வைத்ததில் வியப்பில்லை. இவ்விரண்டும் ஒன்றே என்று கிரேக்கரும் நினைக்கவில்லை.

நரம்புக்கும் அக்கிக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1831இல் லண்டன் வைத்தியர் ரிச்சர்ட் பிறைற் எழுதினார். 1860களின் தொடக்கத்தில் பெர்லினில் பேரன்ஸ்ப்ருங் என்பவர், அக்கி கண்டு இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்து, முண்ணாணுக்கு அருகிலுள்ள நரம்புத் திரட்டிலே அழற்சி இருப்பதைக் கண்டார். தோலில் படும் தொடுகையையும் வலியையும் மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புக் கலங்கள் குவிந்திருக்கும் சிறு முடிச்சுகளே இத்திரட்டுகள். முதுகந்தண்டின் இருபுறமும் சோடி சோடியாக அமைந்துள்ளன. 1900இல் ஹென்றி ஹெட்டும் கம்பெல்லும் 21 உடல்களைப் பரிசோதித்து இதனை ஐயத்திற்கிடமின்றி நிறுவினர். ஒவ்வொரு திரட்டும் தோலின் எந்தத் துண்டை ஆள்கிறது என்பதற்கு, அக்கியின் தழும்புகளைக் கொண்டே ஒரு வரைபடமும் தயாரித்தனர். நோய், தோலை நிலப்படமாக்கித் தந்தது என்று சொல்லலாம்.

இரண்டாவது தடயம் புடாபெஸ்ற் நகரத்திலிருந்து வந்தது. அங்கே குழந்தை வைத்தியராக இருந்த போகாய், வீட்டில் ஒரு பெரியவருக்கு அக்கி வந்த பின்னர் அவ்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொப்புளிப்பான் வருவதைத் திரும்பத் திரும்பக் கண்டார். 1909இல் அதனை எழுதி வெளியிட்டார். 1925இல் வியன்னாவைச் சேர்ந்த குண்ட்ராட்டிஸ் ஒருபடி மேலே சென்று, அக்கிக் கொப்புளத்தின் நீரை எடுத்துக் குழந்தைகளின் தோலில் ஏற்றினார். அவர்களுக்குக் கொப்புளிப்பான் வந்தது. இன்று எந்த நாட்டின் ஒழுக்கநெறிக் குழுவும் அனுமதிக்காத பரிசோதனை இது. அன்று அந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம் என்ன சொல்லப்பட்டது என்ற கேள்வி, அக்கால மருத்துவக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் எழுவதுண்டு.

இரண்டு நோய்க்கும் கிருமி ஒன்றே என்பது இவ்வாறு துலங்கத் தொடங்கியது. ஆனால் பெரிய கேள்வி எஞ்சி நின்றது. எழுபது வயதுக் கிழவருக்கு அக்கி வருகிறதென்றால், அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? கொப்புளிப்பான் கண்ட பேரப்பிள்ளையிடமிருந்து புதிதாகத் தொற்றியது என்றனர் ஒரு சாரார். அரைகுறை எதிர்ப்பாற்றல் உள்ள உடலில் அது உடல் முழுவதும் பரவாமல் ஓரிடத்தில் மட்டும் வெளிப்படுகிறது என்பது அவர்களின் விளக்கம். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. 1943இல் அமெரிக்கரான ஜோசப் கார்லண்ட், அக்கிழவர் சிறுவனாக இருந்தபோது வந்த கொப்புளிப்பான் வைரஸே உறங்கிக் கிடந்து மீண்டும் எழுகிறதோ என்ற எண்ணத்தை முன்வைத்தார். அது ஓர் ஊகம் மட்டுமே. உள்ளே இருந்ததா, வெளியே இருந்து வந்ததா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

ஹோப்-சிம்ப்சனின் குறிப்பேடு இவ்விடத்தில்தான் பேசத் தொடங்குகிறது. அவருடைய பராமரிப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 3,500 பேர். குடும்பங்களை அவருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கிராமத்து வைத்தியரால் தொற்றுநோயின் பாதையைப் பின்தொடர முடியும் என்பதை, யோர்க்ஷயரில் பணியாற்றிய வில்லியம் பிக்கிள்ஸ் என்பவர் 1939இல் வெளியிட்ட நூலொன்றில் ஏற்கனவே காட்டியிருந்தார். நகரத்தில் யார் யாரிடமிருந்து நோயைப் பெற்றார் என்று கண்டறிவது இயலாத காரியம். கிராமத்தில் அது ஊரார் வாயிலேயே இருக்கும்.

கொப்புளிப்பான் வெளியிலிருந்து வந்து அக்கியை உண்டாக்குமானால், ஊரில் கொப்புளிப்பான் பரவும் காலத்தில் அக்கியும் கூட வேண்டும். கூடவில்லை. கொப்புளிப்பானுக்குப் பருவம் உண்டு, அலைகள் உண்டு. அக்கிக்கு இரண்டும் இல்லை. ஆண்டு முழுவதும் அங்கொன்று இங்கொன்றாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்துகொண்டேயிருந்தது. அது தெளிவாகக் கீழ்ப்படிந்தது ஒன்றேயொன்றுக்குத்தான், வயதுக்கு. ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களில் ஒருவருக்கும் குறைவு. நடுத்தர வயதில் இரண்டு, மூன்று பேர். எண்பதைத் தாண்டியவர்களில் சுமார் பத்துப் பேர். 85 வயது வரை வாழ்பவர்களில் பாதிப்பேர் ஒருமுறையாவது அக்கியைக் காண்பர் என்று அவர் கணக்கிட்டார்.

இன்னொன்றையும் கவனித்தார். கொப்புளிப்பான் உடலில் எவ்விடங்களில் அடர்த்தியாகக் கொப்புளிக்குமோ, அதே இடங்களில், அதாவது மார்பு, முதுகு, முகம் ஆகியவற்றில்தான் அக்கியும் அதிகம் வருகிறது. கைகால்களின் நுனியில் இரண்டும் அரிது. அப்படியானால், சிறுவயதுக் கொப்புளத்திலிருந்து வைரஸ் அவ்விடத்து நரம்பின் வழியே மேலேறித் திரட்டுக்குள் புகுந்திருக்க வேண்டும். எங்கு கூடுதலாக ஏறியதோ அங்கிருந்து கூடுதலாக இறங்குகிறது. ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லண்ட் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த யெல் என்னும் சிறு தீவுக்கும் அவர் சென்று, தீவுவாசிகளின் நோய் வரலாறுகளைத் திரட்டினார். யார் வந்தார், யார் போனார் என்பது எல்லோருக்கும் தெரிந்த அத்தகைய தீவு, ஆய்வாளனுக்கு ஒரு கண்ணாடிப் பாத்திரம் போன்றது. அங்கு கிடைத்தவையும் அவரை அதே முடிவுக்குக் கொண்டுசென்றன. தம் கருதுகோளை 1965இல் லண்டன் றோயல் மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் அவர் வெளியிட்டார்.

தீவு என்றதும் இன்னொரு தீவுக்கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஒளிந்திருப்பதால் வைரஸுக்கு என்ன இலாபம் என்பது அதில் விளங்கும். டென்மார்க்குக்கு உரித்தான ஃபாரோ தீவுகளில் 1781இல் சின்னமுத்து, அதாவது தமிழகத்தார் தட்டம்மை என்று சொல்லும் நோய், பரவி ஓய்ந்தது. அதன் பின்னர் 65 ஆண்டுகள் அங்கே அந்நோய் இல்லை. 1846இல் கப்பல் வழியே மீண்டும் வந்தபோது, அங்கிருந்த சுமார் 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுக்கையில் விழுந்தனர். நேரில் சென்று ஆராய்ந்த இளம் டேனிஷ் வைத்தியர் பானும், 1781இல் நோய் கண்ட கிழவர்களில் ஒருவரைக்கூட அது மறுபடி தொடவில்லை என்று பதிவுசெய்தார். சின்னமுத்து வைரஸுக்கு ஒளிந்திருக்கத் தெரியாது. தொற்றுவதற்குப் புதிய ஆள் கிடைக்காத நாளில் அவ்விடத்தில் அது அழிந்துபோகும். அது இடையறாது நிலைக்க ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் கொண்ட சமூகம் தேவை என்று 1966இல் பிரான்சிஸ் பிளாக் தீவுகளின் பதிவேடுகளைக் கொண்டு காட்டினார். கொப்புளிப்பானுக்கோ ஆயிரம் பேருக்கும் குறைந்த ஒரு குடியிருப்புப் போதும். ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து ஓய்ந்த பிறகு, அது ஒரு தலைமுறை முழுவதும் காத்திருக்கும். ஒருநாள் பாட்டிக்கு அக்கி வரும். பாட்டியின் மடியில் புதிதாகப் பிறந்த பேரக்குழந்தை இருக்கும். மனிதர் சிறு கூட்டங்களாக அலைந்த காலத்திலேயே நம்மோடு சேர்ந்து வாழக் கற்றுக்கொண்ட வைரஸ் இது.

ஆய்வுகூடச் சான்றுகள் மெதுவாக வந்தன. போலியோ வைரஸை வளர்த்தமைக்காக 1954இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான தோமஸ் வெல்லர், 1950களில் இரு நோய்களின் வைரஸையும் வளர்த்து இரண்டும் ஒன்றே என்று காட்டினார். 1983இல் டொன் கில்டனும் அவருடைய சகாக்களும், இறந்தோரின் நரம்புத் திரட்டுகளிலே அவ்வைரஸின் டீ.என்.ஏ. இருப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டு ஸ்டீபன் ஸ்ட்ராவுஸ் குழுவினர், ஒரே நோயாளிக்கு முதலில் வந்த கொப்புளிப்பானிலிருந்தும் பின்னர் வந்த அக்கியிலிருந்தும் வைரஸை எடுத்து, நொதியங்களால் வெட்டி ஒப்பிட்டனர். வெட்டுத்துண்டுகள் ஒத்திருந்தன. வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே இருந்தது.

எப்படி இருந்தது? நமது உடலின் கலங்கள் பெரும்பாலும், தம்முள்ளே தயாராகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தம் மேற்பரப்பில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. ரீ கலங்கள் எனப்படும் வெண்குருதிக் கலங்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துச் செல்கின்றன. இலங்கைத் தமிழருக்கு இதனை விளக்க நெடிய உவமை வேண்டாம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்ற நினைவு போதும். அந்நியப் புரதத்தின் துண்டு கண்ணில் பட்டால் அந்தக் கலத்தின் கதை முடிந்தது. நிர்ப்பீடனம் என்று நாம் பாடசாலையில் படித்த நோயெதிர்ப்பின் முக்கியமான பாதி இது.

இந்தச் சோதனையை ஏமாற்ற வைரஸ் கண்ட வழி மிக எளிமையானது. எதையும் தயாரிக்காமல் இருந்துவிடுவது! நரம்புக் கலத்தின் கருவுக்குள் புகுந்ததும் தன் டீ.என்.ஏ. இழையின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கிக்கொண்டு அடங்கிவிடுகிறது. சுமார் 70 மரபணுக்கள் அதற்கு உண்டு. அனைத்தும் ஏறக்குறைய மௌனம். அந்த மௌனத்திலும் ஒரு மரபணுவின் மெல்லிய முணுமுணுப்புக் கேட்கிறது என்பது 2018இல்தான் தெரியவந்தது. புரதம் இல்லையேல் காட்டுவதற்குத் துண்டு இல்லை. துண்டு இல்லையேல் ரீ கலம் கடந்து போய்விடும். தெரிவு செய்த வீடும் சாதாரணமானதன்று. நரம்புக் கலம் அழிந்தால் அதனிடத்தில் இன்னொன்று முளைப்பதில்லை. ஆகவே நரம்புக் கலங்கள் அடையாளத் துண்டுகளை இயல்பாகவே மிகக் குறைவாகக் காட்டுகின்றன. காவலரும் அவ்வீட்டின் கதவை உடைக்கத் தயங்குகின்றனர். உடல் தன் நரம்புகளைக் காப்பதற்குச் செய்த ஏற்பாட்டுக்குள்ளேயே வைரஸ் குடிபுகுந்துள்ளது.

உறவுக்கார வைரஸ்களுக்கு வேறு வேறு வித்தைகள் தெரியும். உதட்டோரம் கொப்புளம் தரும் ஹேர்ப்பீஸ் வைரஸ் விழித்திருக்கும் வேளையில், புரதத் துண்டுகள் மேற்பரப்புக்குச் செல்லும் வாயிலையே ஒரு சிறு புரதத்தால் அடைத்துவிடுகிறது. இது 1995இல் தெரிந்தது. எப்ஸ்ரைன்-பார் வைரஸ் எதிர்ப்பாற்றல் படையைச் சேர்ந்த பீ கலங்களுக்குள்ளேயே ஒளிகிறது. எயிட்ஸ் தரும் எச்.ஐ.வி., உறங்கும் ரீ கலங்களுக்குள் தன் மரபுப் பொருளை அக்கலத்தின் டீ.என்.ஏ.யோடே கோத்துவிடுகிறது. மருந்தால் குருதியில் வைரஸ் காணாமற்போன நோயாளரிடமும் அது அப்படியே இருப்பதை 1997இல் கண்டபோது, சில ஆண்டுகளில் முழுக் குணம் கிடைக்கும் என்றிருந்த நம்பிக்கை சரிந்தது.

அக்கிக்குத் திரும்புவோம். ஒளிந்திருப்பவனை அடக்கி வைத்திருப்பது குருதியில் மிதக்கும் பிறபொருளெதிரிகள் அல்ல; மேற்சொன்ன ரீ கலங்களே. முதுமையில் பிறபொருளெதிரிகளின் அளவு பெரிதும் குறைவதில்லை, ரீ கலங்களின் வலு குறைகிறது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் எச்.ஐ.வி. தொற்றியோருக்கும் இளவயதிலேயே அக்கி வருவது இதனால்தான். வலு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்போது, ஏதோவொரு திரட்டில் வைரஸ் விழித்து, வந்த நரம்பு வழியே தோலுக்கு இறங்குகிறது. இறங்கும் வழியில் நரம்பைச் சிதைக்கிறது. நான் பணியாற்றிய நாளிதழில் முதிய ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். அக்கிப் புண் ஆறி வடுவாகிய பின்னரும் மாதக்கணக்கில் இடப்பக்கத்து விலாவில் சட்டைத் துணி படுவதைத் தாங்க முடியாமல், சட்டையை ஒரு கையால் விலக்கிப் பிடித்தபடியே மறு கையால் பிழை திருத்துவார். காற்றுப் பட்டாலும் எரிகிறது என்பார். வெளியே காயமில்லாத வலியை மற்றவர்கள் நம்புவதில்லை என்பதுதான் அவருக்குக் கூடுதலான துன்பம்.

ஹோப்-சிம்ப்சனின் கட்டுரையில் இருந்த மற்றொரு கருத்து, அவரே எதிர்பார்த்திராத அரசியலைக் கண்டது. வளர்ந்தவர்கள் கொப்புளிப்பான் கண்ட பிள்ளைகளோடு பழகுவதால் அவர்களின் எதிர்ப்பாற்றல் அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு, அக்கி தள்ளிப்போகிறது என்று அவர் கருதினார். ஜப்பானியரான மிச்சியாக்கி தகஹாஷி 1974இல் கொப்புளிப்பானுக்குத் தடுப்பூசி கண்டார். அமெரிக்கா 1995இல் அதனை எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது. பிரித்தானியா தயங்கியது. பிள்ளைகளிடமிருந்து நோயை அகற்றிவிட்டால் முதியோருக்குக் கிடைக்கும் புதுப்பித்தலும் அகன்று, அக்கி பெருகிவிடுமே என்பது தயக்கத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்று. முதியோரைக் காக்கப் பிள்ளைகளை நோய்காண விடுவதா என்று அங்கே பலர் கேட்டனர். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. வீட்டில் கொப்புளிப்பான் கண்ட பிள்ளையோடு இருந்தவர்களுக்குப் பின்னாளில் அக்கி வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று சொன்னது. வைத்தியரின் கருத்து பிழையன்று. ஆனால் கொள்கையொன்றை அதன்மேல் நிறுத்தும் அளவுக்கு வலுவானதும் அன்று. அமெரிக்காவில் அஞ்சிய பெருக்கம் நிகழவில்லை. பிரித்தானியா 2025 ஆகஸ்ட் மாதத்தில்தான், 2026 ஜனவரி முதல் இங்கிலாந்தின் குழந்தைகளுக்கு இந்த ஊசியை வழங்கப்போவதாக அறிவித்தது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. குளிர்நாடுகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுவயதிலேயே வந்துபோகும் கொப்புளிப்பான், நம்முடையது போன்ற வெப்ப நாடுகளில் பலருக்கு வளர்ந்த பின்னரே வருகிறது. வாராமலே வளர்ந்து ஐரோப்பாவுக்கு வந்தவர்களை அங்கே அது தாக்குவதுண்டு. வளர்ந்தவர்களுக்கு, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, அது கடுமையானது.

தகஹாஷியின் ஊசியிலுள்ள வலுக்குறைந்த வைரஸும், உயிருள்ளதாகையால், நரம்புத் திரட்டுக்குள் சென்று ஒளிகிறது. எழுவது மட்டும் மிகக் குறைவு. அதே வைரஸைப் பன்மடங்கு செறிவாக்கி முதியோருக்குக் கொடுத்தபோது அக்கி பாதியாகக் குறைந்தது. 38,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த அப்பரிசோதனையின் முடிவு 2005இல் வந்தது. 2017இல் அமெரிக்கா அனுமதித்த ஷிங்ரிக்ஸ் என்ற ஊசியில் வைரஸே இல்லை, அதன் ஒரேயொரு புரதம் மட்டும் உண்டு. பெரும் பரிசோதனைகளில் அது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காத்தது. இவற்றில் எதுவும் ஒளிந்திருப்பவனை வெளியேற்றுவதில்லை. காவலை மட்டுமே பலப்படுத்துகிறது.

ஹோப்-சிம்ப்சன் இவற்றைக் காணவில்லை, 2003இல் காலமானார். பின்னாளில் அவர் மனதைப் பறித்தது இன்ஃபுளுவென்ஸா. அதே முறையில் சைரன்செஸ்டரின் குடும்பங்களை வருடக்கணக்காகக் கணக்கெடுத்தார். ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது எதிர்பார்த்ததை விடக் குறைவாகத் தெரிந்தது. தொலைதூர ஊர்களில் ஒரே பருவத்தில் நோய் எழுந்தது. எனவே இந்த வைரஸும் மனித உடலுக்குள் ஒளிந்திருந்து, சூரியனின் பருவமாற்றத்தால் எழுப்பப்படுகிறது என்று 1992இல் ஒரு நூலே எழுதினார். இன்ஃபுளுவென்ஸா வைரஸுக்கு டீ.என்.ஏ. கிடையாது, கருவுக்குள் வளையமாகி உறங்கும் வித்தை அதற்குத் தெரியாது. அது மனித உடலில் அவ்வாறு ஒளிந்திருப்பதற்கான தடயம் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஏன் குளிர்காலத்தில் மட்டும் அது பெருகுகிறது என்று அவர் கேட்ட கேள்விக்கு முழுமையான பதிலும் இன்னும் கிடைத்தபாடில்லை.